ஜெல்-நிம்பஸ் 25: ஒரு குஷன் காலணியை எதைக்கொண்டு மதிப்பிடுவது?

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏசிக்ஸ் நிறுவனம் ஜெல்-நிம்பஸ் என்ற ஓட்டக் காலணி வரிசையின் 25-ஆம் பதிப்பை வெளியிட்டபோது, அதுவரை அந்த வரிசையின் அடையாளமாகவே இருந்துவந்த ஒன்று கண்ணில் படவில்லை. குதிகாலின் பக்கச்சுவரில் வெளியே தெரியும்படி பதிக்கப்பட்டிருந்த, அதிர்ச்சியைத் தணிக்கும் ஜெல்தான் அது. 1986-ஆம் ஆண்டிலிருந்து இந்நிறுவனம் தன் காலணிகளில் வைத்துவரும் அந்தப் பொருளை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு நிம்பஸ் வாங்கியவர்கள் பலர். 25-ஆம் பதிப்பில் ஜெல் குதிகாலுக்கு அடியில், நுரைக்கு உள்ளே போய்விட்டது. வெளியே தெரிந்தவை தடித்த நுரையும் அகன்ற அடியும் மட்டுமே.

அந்த மாற்றத்தை ஒரு நிகழ்வாக எடுத்துக்கொண்டு, நியூட்ரல் பாதம் (ஓடும்போது மிதமாக மட்டும் உட்புறம் சாயும் பாதம்) உடைய ஓட்டக்காரர் ஒருவர் தார்ச்சாலை ஓட்டத்துக்கான குஷன் காலணியை எதைக்கொண்டு மதிப்பிட வேண்டும் என்று இங்கே ஆராய்கிறேன். நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய காலணியில் நுரை எவ்வளவு மென்மையானது என்பதைவிட, அந்த மென்மையை எந்த வடிவம் தாங்கி நிற்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

நான் சென்னையில் ஓடுபவன். எடை 70 கிலோவை ஒட்டியது. வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். அவற்றில் மூன்று நாள், கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்ற நிதானமான வேகத்தில் ஓடுகிறேன். குதிகாலே முதலில் தரையில் படுகிறது. இவற்றைச் சொல்லாமல் எழுதப்படும் காலணி மதிப்பீட்டை வாசகர் தமக்குப் பொருத்திப் பார்க்க வழியில்லை. 50 கிலோ எடையுடன் முன்பாதத்தில் இறங்கி ஓடும் ஒருவருக்கு இதே காலணி வேறொரு காலணியாகவே இருக்கும்.

நியூட்ரல் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

ஓடும்போது பெரும்பாலோருக்குக் குதிகாலின் வெளிவிளிம்பே முதலில் தரையைத் தொடுகிறது. அதன்பின் பாதம் உட்புறமாகச் சற்றே சாய்கிறது; பாதவளைவு கொஞ்சம் தாழ்கிறது; உடலின் எடை முன்பாதத்துக்கு நகர்ந்து, பெருவிரல் தரையை உந்தி எழுகிறது. இந்த உட்சாய்வு குறையன்று. தரையிலிருந்து வரும் அதிர்ச்சியை உடல் தானாகவே தணித்துக்கொள்ளும் வழிகளில் அதுவும் ஒன்று. சாய்வு மிதமாக இருப்பவரை நியூட்ரல் என்றும், மிகுந்திருப்பவரை ஓவர்புரோனேட்டர் என்றும் காலணித் துறை பல பத்தாண்டுகளாகப் பிரித்துவந்துள்ளது. முதல் வகைக்கு மெத்தென்ற குஷன் காலணி, இரண்டாம் வகைக்கு உட்பக்கத்தில் கெட்டி நுரை வைத்த ஸ்டெபிலிட்டி காலணி என்பது நெடுநாள் வழக்கு.

நான் ஓடத் தொடங்கிய காலத்தில் ஒரு கடையில் என்னை டிரெட்மில்லில் அரை நிமிடம் ஓடவிட்டு, பின்னாலிருந்து கணுக்காலைப் படம் பிடித்து, எனக்கு உட்சாய்வு அதிகம் என்று சொல்லி, கெட்டியான உட்பக்கம் கொண்ட காலணி ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் எனக்கு எந்த வலியும் இருந்ததில்லை. அந்தக் காலணியுடன் இரண்டு மாதம் ஓடியபின் முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கியது. பழைய சாதாரணக் காலணிக்குத் திரும்பியதும் வலி படிப்படியாக அடங்கியது. ஒருவரின் அனுபவம் எதையும் நிறுவிவிடாது என்பதை அறிவேன். ஆயினும், புதுக் காலணியுடன் பழக்கமில்லாத டிரெட்மில்லில் ஓடிய அந்த அரை நிமிடத்தைக் கொண்டு என் பாதத்துக்கு ஒரு பெயர் சூட்டியது எந்த அளவுக்குச் சரி என்ற கேள்வி அன்றிலிருந்து என்னுடன் இருக்கிறது.

ஆராய்ச்சிகளும் அந்தக் கேள்வியை வலுப்படுத்துகின்றன. அமெரிக்க இராணுவத்தின் பல பிரிவுகளில் அடிப்படைப் பயிற்சிக்கு வந்தவர்களிடம் ஜோசப் நாப்பிக் குழுவினர் நடத்திய ஆய்வுகளில், பாதம் தரையில் பதியும் வடிவத்தைப் பார்த்து அதற்கேற்ற காலணி கொடுக்கப்பட்டவர்களுக்கும், பாத வடிவைப் பொருட்படுத்தாமல் ஒரே வகைக் காலணி கொடுக்கப்பட்டவர்களுக்கும் இடையே காய விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு ஒரே மாதிரி நியூட்ரல் காலணியைக் கொடுத்து ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். நியூட்ரல் அளவைவிடச் சற்றுக் கூடுதலான உட்சாய்வு உடையவர்கள் அக்காலணியில் ஓடியதால் கூடுதலாகக் காயமடைந்தார்கள் என்பதற்கு அங்கும் சான்று கிடைக்கவில்லை. எதிர்த்திசையில் நிற்கும் சான்றையும் சொல்லியாக வேண்டும். லக்ஸம்பர்க்கில் லோரான் மாலிசூ குழுவினர் 372 ஓட்டக்காரர்களை ஆறு மாதம் கவனித்தபோது, உட்சாய்வைக் கட்டுப்படுத்தும் காலணி அணிந்தவர்களிடம் காயம் குறைந்திருந்தது; அந்தப் பயன் முக்கியமாக உட்சாய்வு மிகுந்த பாதம் உடையவர்களிடமே காணப்பட்டது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது இதுதான். சாய்வு மிக அதிகமாக உள்ள சிறு பகுதியினரை நீக்கிவிட்டால், மற்றவர்களில் பெரும்பாலோர் நியூட்ரல் காலணியில் தாராளமாக ஓடலாம். ஆகவே நியூட்ரல் என்பதை நோய்க்குறி போலக் கருதிக் கண்டறிய வேண்டியதில்லை. நீண்ட நாளாக வலியின்றிச் சாதாரணக் காலணியில் ஓடிவருபவர், தம்மை அந்த வகையில் சேர்த்துக்கொண்டு மேலே செல்லலாம்.

காகிதத்தில் உள்ள எண்கள்

நிம்பஸ் 25-இன் ஆண்கள் பதிப்பில் குதிகாலின் கீழ் 41.5 மில்லிமீட்டரும் முன்பாதத்தின் கீழ் 33.5 மில்லிமீட்டரும் உயரம் இருப்பதாக நிறுவனம் அறிவித்தது. பெண்கள் பதிப்பில் இவை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் குறைவு. இரண்டிலும் டிராப் எனப்படும் உயர வேறுபாடு 8 மில்லிமீட்டர். ஆண்கள் காலணியின் எடை சராசரி அளவில் 292 கிராம். அமெரிக்காவில் அறிமுக விலை 160 டாலர்.

இந்த எண்களை அப்படியே மற்ற காலணிகளின் எண்களோடு ஒப்பிடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை தேவை. உயரத்தை எந்த இடத்தில் அளக்கிறோம், உள்ளே பாதத்துக்கு அடியில் உள்ள இன்சோல் என்ற விரிப்பைச் சேர்க்கிறோமா என்பதைப் பொறுத்து எண் மாறும். உலகத் தடகளப் போட்டிகளை நெறிப்படுத்தும் வேர்ல்ட் அத்லெட்டிக்ஸ் அமைப்பு தன் விதியில் இதைத் தெளிவாக வரையறுத்துள்ளது: காலணியின் உள்நீளத்தில் பின்னாலிருந்து 12% தொலைவில் குதிகால் உயரத்தையும், 75% தொலைவில் முன்பாத உயரத்தையும் அளக்க வேண்டும். நிறுவனங்கள் விளம்பரத்தில் தரும் எண்கள் எல்லாம் இதே முறையில் அளக்கப்பட்டவை என்று கொள்ள முடியாது. ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாட்டை வைத்து இரு காலணிகளுக்குள் உயர்வு தாழ்வு பேசுவது அதனால் வீண்.

அதே அமைப்பு சாலைப் போட்டிகளுக்கு 40 மில்லிமீட்டர் என்ற உச்சவரம்பை விதித்துள்ளது. ஆண்கள் நிம்பஸ் 25 அதைத் தாண்டுகிறது. பரிசுக்காகவும் தரவரிசைக்காகவும் ஓடும் முன்னணி வீரருக்கு இது தடை. ஆனால் அத்தகையவர் எவரும் இந்தக் காலணியில் போட்டியிட நினைக்கமாட்டார் என்பதால், இந்த வரம்பை மீறும் துணிவு நிறுவனத்துக்கு எளிதாகவே வந்திருக்க வேண்டும். யாருக்காக இது வடிவமைக்கப்பட்டது என்பதை எந்த விளம்பர வாசகத்தையும்விட இந்த ஒன்றரை மில்லிமீட்டர் தெளிவாகச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

எடையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் கூடினால் ஓட்டத்துக்குச் செலவாகும் ஆக்சிஜன் ஏறத்தாழ 1% கூடுகிறது என்பது 1980-களிலிருந்து பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட கணக்கு. அதே 2023-இல் வந்த, ஹோகா நிறுவனத்தின் கிளிஃப்டன் 9 என்ற குஷன் காலணி சுமார் 250 கிராம் எடை கொண்டது. அதற்கும் நிம்பஸுக்கும் உள்ள 40 கிராம் இடைவெளி அரை விழுக்காட்டுக்கும் குறைவான கூடுதல் உழைப்பாகும். நிதானமான ஓட்டத்தில் இதை உடல் உணராது. இடைவேளை விட்டு வேகமாக ஓடும் பயிற்சியிலோ, நேரக் குறிக்கோளுடன் ஓடும் அரை மாரத்தானிலோ இது கணக்கில் வரும்.

டிராப் விஷயத்தில் இந்த இரு காலணிகளும் வேறு வழியில் செல்கின்றன. கிளிஃப்டனின் அறிவிக்கப்பட்ட டிராப் 5 மில்லிமீட்டர். பொதுவாக டிராப் குறையும்போது சுமையின் ஒரு பகுதி முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணுக்கும் இடம்மாறுகிறது. குதிநாண் வலியிலிருந்து மீண்டு வருபவருக்கு 8 மில்லிமீட்டர் சற்றே பாதுகாப்பானது; 10 அல்லது 12 மில்லிமீட்டருக்குப் பழகியவர் இதற்கு மாறும்போதுகூடக் கெண்டைக்கால் இரண்டு வாரமாவது இறுகியிருக்கக் கூடும்.

மென்மையும் வடிவமும்

குஷன் காலணியை மதிப்பிடுவோர் பெரும்பாலும் தவறும் இடம் இதுதான் என்பதால், இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

கிலோமீட்டருக்கு ஆறரை நிமிட வேகத்தில் ஓடும் ஒருவர் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஏறத்தாழ ஆயிரம் அடி வைக்கிறார். ஒவ்வோர் அடியிலும் அவர் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விசை ஒற்றைக் காலின் மீது இறங்குகிறது. நுரை அந்த விசையின் கீழ் அமுங்குகிறது. அமுங்குவது செங்குத்தாக மட்டும் நடந்தால் சிக்கல் இல்லை. குதிகாலின் வெளிவிளிம்பில் விசை இறங்கும்போது அந்த விளிம்பு மட்டும் அதிகமாக அமுங்கினால், பாதம் வெளிப்புறமாகச் சரிந்து, மறுகணம் உட்புறமாக விரைந்து திரும்ப வேண்டியிருக்கும். நுரை உயரமாக இருக்கும்போது இந்தச் சரிவின் விளைவு பெருகுகிறது, ஏனெனில் தரையிலிருந்து கணுக்கால் தள்ளிப்போகும் அளவுக்கு அதைத் திருப்பும் நெம்புகோலும் நீள்கிறது. நான்கு சென்டிமீட்டர் உயரமுள்ள மெத்தென்ற மேடையின் மேல் ஒற்றைக்காலில் நிற்பதைக் கற்பனை செய்துகொண்டால் இது விளங்கும்.

மென்மையையும் உயரத்தையும் ஒருசேரக் கூட்ட விரும்பும் வடிவமைப்பாளருக்கு இரண்டு வழிகள் உண்டு. நுரைக்குள் பிளாஸ்டிக் தகடோ கெட்டி நுரைக் கட்டையோ வைத்துச் சரிவைத் தடுப்பது ஒன்று. அடியை அகலமாக்கி, பாதத்தை நுரையின் மேல் வைக்காமல் நுரைக்குள் சற்று அமிழ்த்தி, இருபுறமும் சுவர் எழுப்புவது மற்றொன்று. நிம்பஸ் 25 இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்தது. காலணியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் அடியின் அகலம், குறிப்பாகக் குதிகாலிலும் முன்பாதத்திலும், கண்ணுக்கே தெரிகிறது. நடுப்பகுதி கூட வழக்கமான இடுப்பைப் போல் குறுகிப்போகவில்லை.

இந்த வழியின் நன்மை, அது எவரையும் திருத்த முயல்வதில்லை என்பதுதான். கெட்டிக் கட்டை, பாதத்தை ஒரு திசையில் தள்ளுகிறது. அந்தத் திசை எல்லோருக்கும் பொருந்தாது. அகன்ற அடி, பாதம் தான் விரும்பும் பாதையில் செல்வதற்கு இடங்கொடுத்துவிட்டு, எல்லை மீறும்போது மட்டும் தடுக்கிறது. கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் 2015-இல் தம் குழுவினருடன் எழுதிய கட்டுரையில் முன்வைத்த கருத்து இங்கே நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு உடலுக்கும் தனக்கு உவந்த இயக்கப் பாதை ஒன்று உண்டு. காலணி அதைக் குலைக்காதபோது தசைகளின் உழைப்பு குறைகிறது. ஓடுபவர் அதை வசதியாக உணர்கிறார் என்பது அவர் வாதம்.

அதே நிறுவனத்தின் ஸ்டெபிலிட்டி காலணியான ஜெல்-கயானோவும் இதே பாதைக்குத் திரும்பியது. 1993-இல் தொடங்கிய அந்த வரிசை, உட்பக்கக் கெட்டி நுரைக்குப் பேர்போனது. 2023-இல் வந்த அதன் 30-ஆம் பதிப்பில் அந்தக் கட்டை நீக்கப்பட்டு, அகன்ற அடியையும் பாதவளைவின் கீழ் வேறொரு நுரைத் துண்டையும் நம்பிய அமைப்பு வந்தது. இரு வகைகளுக்கும் நடுவே இருந்த சுவர் ஒரே ஆண்டில் இரு பக்கமும் தாழ்ந்தது என்று சொல்லலாம்.

நுரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நிம்பஸ் 25-இன் மிட்சோல், அதாவது பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் இடைப்பட்ட பகுதி, எஃப்.எஃப். பிளாஸ்ட் பிளஸ் ஈகோ என்ற நுரையால் ஆனது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் தாவர மூலப்பொருள் இருப்பதாக நிறுவனம் சொல்கிறது. குதிகாலின் உள்ளே வைக்கப்பட்டுள்ள பியூர்ஜெல், பழைய ஜெல்லைவிட 65% மென்மையானது என்பதும் அவர்கள் தரும் கணக்கே. முன்பாதத்தில் இறங்குபவருக்குக் குதிகாலில் உள்ள இந்த ஜெல்லால் பெரிய பயன் இல்லை என்பதை வாங்கும் முன் நினைவில் கொள்ள வேண்டும். இவ்வளவு தடித்த நுரை விரல்களின் அடியில் எளிதில் வளையாது. அதனால்தான் காலணியின் முனை தொட்டில் போல மேல்நோக்கி வளைந்திருக்கிறது. பாதம் வளைவதற்குப் பதிலாக உருண்டு செல்கிறது. பெருவிரல் மூட்டில் இறுக்கமோ வலியோ உள்ளவர்களுக்கு இந்த உருளல் நிம்மதி தருவதை நான் கண்டிருக்கிறேன்.

மென்மை காயத்தைத் தடுக்குமா?

தடுக்கும் என்று கடைகளில் உறுதியாகச் சொல்வார்கள். சான்றுகள் அதைவிட நுணுக்கமானவை.

மாலிசூ குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் எனக்குத் தெரிந்தவற்றுள் மிகக் கவனமாகச் செய்யப்பட்டது. 848 ஓட்டக்காரர்களுக்கு, வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்து நுரையின் கெட்டித்தன்மையில் மட்டும் வேறுபடும் காலணிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்துக் கொடுத்தார்கள். கெட்டிக் காலணி அணிந்தவர்களுக்குக் காய அபாயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. எதிர்பாராத செய்தி அதற்கு அடுத்தபடியாக வந்தது. மென்மையின் பயன் எடை குறைந்தவர்களிடம் தெளிவாகத் தெரிந்தது. எடை மிகுந்தவர்களிடம் அவ்வாறு தெரியவில்லை. உடல் கனத்தவருக்குத்தான் மெத்தென்ற காலணி தேவை என்ற பொதுநம்பிக்கையை இந்த முடிவு அசைத்துவிடுகிறது. மிக மென்மையான நுரை கனத்த உடலின் கீழ் முற்றாக அமுங்கி, மேலும் அமுங்க இடமின்றிப் போவது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அதற்கு மறுபுறத்தில் பின்லாந்தின் யூஹா-பெக்கா குல்மாலா குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு நிற்கிறது. வழக்கமான காலணியையும் மிக உயர்ந்த நுரை கொண்ட காலணியையும் 12 ஆண்கள் அணிந்து ஓடியபோது, மணிக்கு 14.5 கிலோமீட்டர் வேகத்தில், உயர்ந்த நுரையில் தரைமோதலின் தாக்கம் குறைவதற்கு மாறாகக் கூடியிருந்தது. அடியில் மென்மை இருப்பதை உணரும் உடல், காலை விறைப்பாக வைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். மெதுவான வேகத்தில் இந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாக இல்லை.

இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் கருதவில்லை. முதலாவது, மாதக்கணக்கில் ஓடிய நூற்றுக்கணக்கானோரின் காயங்களை எண்ணியது. இரண்டாவது, ஆய்வகத்தில் சில நிமிட விசையை அளந்தது. இரண்டையும் நிம்பஸ் 25-க்குப் பொருத்தினால் கிடைக்கும் வழிகாட்டல் நடைமுறைக்கு ஏற்றது: நிதானமான வேகத்தில் நெடுந்தூரம் ஓடுவதற்கு இத்தகைய உயரமும் மென்மையும் நியாயமான தேர்வு, வேகமாக ஓடும் நாள்களுக்கு இதையே நம்பியிருப்பதற்கு ஆதாரம் குறைவு. ஒன்றுக்கு மேற்பட்ட காலணிகளை மாற்றி மாற்றி அணிபவர்களைக் குறித்து, 264 பேரை 22 வாரம் தொடர்ந்த மாலிசூவின் மற்றோர் ஆய்வும் இதற்குத் துணைநிற்கிறது. அவர்களிடம் காய அபாயம் 39% குறைந்திருந்தது. அனுபவம் மிக்கவர்களே அவ்வாறு மாற்றி அணிகிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பதால், அந்த எண்ணை அப்படியே வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளலாகாது.

சாலையில்

நிறுவனம் இந்தக் காலணியை வெளியிட்டபோது, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள ஓர் ஆய்வகத்தில் ஓட்டக்காரர்களைக் கொண்டு நடத்திய சோதனையில் இது வசதியில் முதலிடம் பெற்றதாக விளம்பரப்படுத்தியது. வசதியுணர்வு முக்கியம் என்று நிக்கின் கருத்தைச் சொல்லி ஏற்றுக்கொண்டவன் நான். என்றாலும், முதல் சில நிமிடங்களின் வசதியும் 18-ஆவது கிலோமீட்டரின் வசதியும் ஒன்றல்ல. களைத்த காலில் இடுப்புத் தசைகள் தளர்ந்து, அடிகள் சீர்குலையும்போது காலணி எப்படி நடந்துகொள்கிறது என்பதே உண்மையான சோதனை.

ஆகையால் என் மதிப்பீட்டின் பெரும்பகுதியை ஞாயிற்றுக்கிழமை நெடு ஓட்டங்களின் கடைசி ஐந்து கிலோமீட்டருக்காக ஒதுக்கினேன். பெசன்ட் நகரிலிருந்து புறப்பட்டு, அடையாற்றுப் பாலம் தாண்டி, கடற்கரைச் சாலை வழியே சென்று திரும்பும் பாதை அது. சாலையின் விளிம்பு மழைநீர் வடிவதற்காகச் சரிந்திருக்கும், நடைபாதையின் சிமெண்டுக் கற்கள் ஆங்காங்கே பெயர்ந்திருக்கும், வேகத்தடைகள் எண்ணற்றவை. உயரமான காலணி தடுமாறினால் இங்கேதான் தடுமாற வேண்டும். சரிந்த விளிம்பில் ஓடும்போதும், களைப்புடன் கூர்மையாகத் திரும்பும்போதும், கணுக்கால் வெளிப்புறம் வழுக்கும் உணர்வு எனக்கு ஏற்படவில்லை. அகன்ற அடியைப் பற்றி மேலே எழுதியதன் பொருளை என் கால் புரிந்துகொண்டது அந்தத் திருப்பங்களில்தான். அடுத்த நாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது தொடைத் தசைகளில் இருந்த இலகுவும் குறிப்பிடத்தக்கது.

வேகத்தைக் கூட்டும்போது இந்தக் காலணி எந்தத் துள்ளலையும் வலிந்து தருவதில்லை. அது தரும் ஒத்துழைப்பு நிதானமான வேகத்துக்கானது. இதை நான் குறையாக எண்ணவில்லை. 292 கிராம் எடையும் 41.5 மில்லிமீட்டர் உயரமும் முன்கூட்டியே சொல்லிவிட்ட செய்தி இது.

நம் ஊருக்கே உரிய இரண்டு செய்திகளை, குளிர்நாட்டு மதிப்பீடுகளில் காண்பது அரிது. சென்னையில் மாரத்தான் ஜனவரியில் நடைபெறுகிறது. அதற்கான நெடு ஓட்டங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையின் நடுவே அமைகின்றன. பின்னப்பட்ட மேற்பகுதியும் தடித்த கழுத்துப் பட்டையும் கொண்ட எந்தக் காலணியும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். உலர ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். மழையில்லாத மாதங்களிலும் வியர்வை கால் வழியே வழிந்து காலணிக்குள் சேர்வதை இங்கே ஓடுபவர் அறிவர். அதனால் நிம்பஸ் போன்ற மெத்தென்ற மேற்பகுதி கொண்ட காலணியை வாங்குபவர், இன்னொரு இணையும் வைத்திருப்பது நல்லது. ஈரத் தளத்தில் பிடிப்பைப் பொறுத்தவரை, அடுத்த ஆண்டு வந்த 26-ஆம் பதிப்பின் அவுட்சோலில், அதாவது தரையில் படும் அடிப்பகுதியில், ஏசிக்ஸ்கிரிப் என்ற ரப்பரை நிறுவனம் சேர்த்தது. 25-ஆம் பதிப்பையும் 26-ஆம் பதிப்பையும் விலை பார்த்துத் தேர்ந்தெடுப்பவர், மழைக்காலத்தில் ஓடுபவராயின் இந்த ஒரு மாற்றத்துக்காகவே பின்னதை நாடலாம்.

இரண்டாவது செய்தி வெப்பம். இவ்வகை நுரை வெப்பத்தில் இளகும், குளிரில் இறுகும். காலை ஆறு மணிக்கே 28 பாகை வெப்பம் இருக்கும் ஊரில், ஐரோப்பியக் குளிர்காலத்தில் ஓடியவர் எழுதியதைவிடச் சற்று மென்மையான காலணியையே நாம் அணிகிறோம்.

பொருத்தமும் ஆயுளும்

பாதம் வீங்கியிருக்கும் மாலை வேளையில், ஓடும்போது அணியும் அதே காலுறையுடன் சென்று அளவு பார்ப்பது நல்லது. மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீண்டவர்கள் அந்த விரலைக் கணக்கில் கொள்ள வேண்டும். நம்மில் பலர் செருப்புடன் வளர்ந்தவர்கள், முன்பாதம் அகன்றிருக்கும். நிம்பஸ் அகலமான அளவுகளிலும் தயாரிக்கப்படுகிறது என்பதால், அகலம் போதாமைக்காக நீளத்தைக் கூட்டி வாங்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். நீளம் கூடினால் காலணி வளையவேண்டிய இடமும் பாதம் வளையும் இடமும் பொருந்தாமல் போகும். குதிகால் மேலே எழும்பினால், மேல்துளையில் நாடாவை வளையமாக்கிப் பூட்டிக் கட்டும் முறையை முதலில் முயல வேண்டும்.

ஆயுளைக் குறித்து 1985-இல் ஸ்டீபன் குக் குழுவினர் செய்த ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இயந்திரத்தில் சோதிக்கப்பட்ட காலணிகள் 400 முதல் 800 கிலோமீட்டருக்குள் தங்கள் அதிர்ச்சி தாங்கும் திறனில் 60 விழுக்காட்டுக்கும் குறைவாகவே தக்கவைத்திருந்தன. மனிதர்கள் அணிந்து ஓடியவை 800 கிலோமீட்டரில் ஏறத்தாழ 70% தக்கவைத்திருந்தன. இன்றைய நுரைகள் வேறு என்றாலும், திறன் இழப்பின் பெரும்பங்கு ஆரம்ப நாள்களிலேயே நேர்கிறது என்ற அந்தப் போக்கு கவனத்துக்குரியது. புதிதாக வாங்கிய மறுநாள் கிடைக்கும் மென்மையை வைத்து இறுதித் தீர்ப்பு எழுதக்கூடாது. நூறு கிலோமீட்டராவது ஓடியபின் எழுதுவதே முறை. தேய்மானத்தை அறிய, காலணியைச் சமதளமான மேசைமீது வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் போதும். குதிகால் கோப்பை ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலோ, பக்கச்சுவரில் விழுந்த மடிப்புகள் ஓய்வுக்குப் பிறகும் மறையாமல் இருந்தாலோ, அடி ரப்பர் நன்றாக இருந்தாலும் நுரையின் வேலை முடிந்துவிட்டது.

யாருக்கு, எதற்கு

நிதானமான ஓட்டம், நெடு ஓட்டம், கடும் பயிற்சிக்கு மறுநாள் தசை தளர்த்தும் ஓட்டம் ஆகிய மூன்றுக்கும் நியூட்ரல் ஓட்டக்காரருக்கு நிம்பஸ் 25-ஐ நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். முதல் மாரத்தானைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற இலக்கின்றி, முடித்தால் போதும் என்ற எண்ணத்துடன் தயாராகுபவர் பந்தய நாளிலும் இதையே அணியலாம். 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் பந்தயங்களுக்கு எடை குறைந்த வேறு காலணி வேண்டும். 160 டாலர் மதிப்புள்ள ஒரே காலணியை மட்டும் வாங்க முடிகிற ஒருவருக்கு, அந்தப் பணத்தில் விலை குறைந்த இரு இணைகளை வாங்கி மாற்றி மாற்றி ஓடுவதே நல்லது என்பேன். கணுக்கால் அடிக்கடி பிசகும் வரலாறு உள்ளவர், அடி எவ்வளவு அகலமாக இருந்தாலும், இந்த உயரத்துக்குச் செல்லும் முன் பிசியோதெரபிஸ்ட் ஒருவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

இந்த மதிப்பீடு 25-ஆம் பதிப்புக்கு மட்டுமே உரியது. 26-இல் உயரம் மாறவில்லை என்றாலும் எடை 300 கிராமைத் தாண்டியது. 2025-இல் வந்த 27-ஆம் பதிப்பில் குதிகால் 43.5, முன்பாதம் 35.5 மில்லிமீட்டர் என்று மேலும் உயர்ந்தது. பெயரும் டிராப்பும் மாறாததால் பழைய காலணியே என்று எண்ணி, கடையில் நேராக நடந்து பார்த்துவிட்டு வாங்குவது எளிது. அந்த இரண்டு மில்லிமீட்டரைச் சரிந்த சாலையோரத்திலும் களைத்த காலின் திருப்பங்களிலும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.